24 முட்டையில் 3 குஞ்சுதான்! தெர்மாகோல் பெட்டி இன்குபேட்டர், எங்கே தப்பு?

உப்பாறு | நவம்பர் 13, இரவு 9.40

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் பதிவே புலம்பலாக ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் நாகப்பட்டினம் பக்கம், கடலுக்கு ஒன்றரை கிலோமீட்டர். மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கழுவி, ஒரு வாரம் வெயிலில் போட்டு நாற்றத்தைப் போக்கி, அதில் இன்குபேட்டர் செய்தேன். 40 வாட் குண்டு பல்பு இரண்டு, சூட்டைக் கட்டுப்படுத்த டபிள்யூ 1209 கன்ட்ரோலர், பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய ஃபேன். சென்சார் முட்டை மட்டத்தில்தான் தொங்குகிறது. 37.6 டிகிரி வைத்தேன். ஈரப்பதம் பார்க்க மலிவாக ஒரு டிஜிட்டல் மீட்டர். வீடியோவில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் சொன்னபடி உள்ளே இரண்டு கிண்ணம் தண்ணீர், மீட்டரில் 55. கடைசி மூன்று நாள் நனைத்த துணியும் போட்டு 70.

அக்டோபர் 20 சாயங்காலம் 24 முட்டை வைத்தேன், எல்லாம் நாட்டுக்கோழி. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் நான்கு கூமுட்டை, எடுத்துவிட்டேன். மீதி இருபதில் நவம்பர் 10 அன்று இரண்டு பொரித்தது, மறுநாள் ஒன்று. அவ்வளவுதான். இன்று 24ஆம் நாள். மீதி 17 முட்டை அப்படியே கிடக்கின்றன. அம்மா பெட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுகிறார்.

வெப்பமா, ஈரமா, கரன்ட்டா, முட்டையா? எதை மாற்றுவது?

சிறுவிடைக்காரர் | நவம்பர் 13, இரவு 10.05

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு அடைக்கோழி ஒன்று பார். திண்டுக்கல் பக்கம் நான் முப்பது வருடமாகச் சிறுவிடை நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஒரு கோழிக்கு பத்து, பன்னிரண்டு முட்டை. எட்டுக்குக் குறைந்து பொரித்தால் அன்றைக்கு வீட்டில் பேச்சு இருக்கும். தெர்மாமீட்டர் எந்தக் கோழியும் கேட்டதில்லை.

சால்டரிங் | நவம்பர் 13, இரவு 10.20

ஐயா வந்துவிட்டார் :) அடைக்கோழி நம் வசதிக்கு உட்காராது, அதுதான் பிரச்சினை. வனராஜா, கிராமப்பிரியா மாதிரி கோழி வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அதெல்லாம் பெரும்பாலும் அடைக்கே உட்காராத இனம்.

உப்பாறு, என் கணிப்பு: கடைசி மூன்று நாளில் மூடியை எத்தனை தடவை திறந்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

உப்பாறு | நவம்பர் 13, இரவு 10.31

ஒரு... பத்துப் பதினைந்து தடவை இருக்கும். முதல் குஞ்சு கத்தியதும் வீட்டில் எல்லாரும் பார்க்க வந்துவிட்டார்கள்.

சால்டரிங் | நவம்பர் 13, இரவு 10.36

அப்புறம் என்ன. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு மூடியைத் தொடவே கூடாது. திறந்தால் ஈரம் சட்டென்று இறங்கும், ஓட்டுக்கு உள்ளே இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். உடம்பைத் திருப்ப முடியாமல் உள்ளேயே செத்துவிடும். கேஸ் முடிந்தது.

கால்நடை மாணவி | நவம்பர் 13, இரவு 11.15

முடியவில்லை. முட்டையை உடைத்துப் பார்க்காமல் யாரும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

உப்பாறு சார், அந்த 17 முட்டையையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நாளைக்கு வெளியில் வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக அகலமான பக்கத்திலிருந்து உடைத்துப் பாருங்கள். நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: காற்றறை (அகலமான பக்கத்தில் ஓட்டுக்கு உள்ளே இருக்கும் காற்று இடைவெளி) எவ்வளவு பெரியது, குஞ்சு எந்த அளவு வளர்ந்திருக்கிறது, மஞ்சள்கரு வயிற்றுக்குள் போய்விட்டதா வெளியில் தொங்குகிறதா, சவ்வு காய்ந்த காகிதம் மாதிரி இருக்கிறதா ஈரமாக வழுவழு என்று இருக்கிறதா. உடைப்பதற்கு முன் டார்ச் அடித்து, உயிர் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

புதுவரவு 22 | நவம்பர் 14, காலை 7.02

நடுவில் ஒரு சந்தேகம். கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை வைத்தால் பொரிக்குமா? ஃபிரிட்ஜில் ஒரு ட்ரே இருக்கிறது.

கிணத்தடி | நவம்பர் 14, காலை 7.30

பொரிக்காதுங்க. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் இருப்பதெல்லாம் பெட்டைதான், சேவலே கிடையாது. கரு இல்லாத முட்டையை 21 நாள் சூட்டில் வைத்தால் வீடு நாறும், அவ்வளவுதான். ஆம்லெட் போட்டுவிடுங்கள்.

உப்பாறு | நவம்பர் 14, மதியம் 1.10

உடைத்தாயிற்று. மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டில் ரத்த வளையம் மட்டும், கரு ஆரம்பத்திலேயே செத்திருக்கிறது. ஒன்றில் பாதி வளர்ந்த குஞ்சு, இறகு முளைக்கிற பருவம். மீதி 14-லும் முழுக் குஞ்சு. அலகு, நகம், இறகு எல்லாம் முழுசாக. அதைப் பார்த்ததுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த 14-இல் ஐந்து குஞ்சு ஓட்டில் சின்ன விரிசல் விட்டு அங்கேயே நின்றுவிட்டது. ஒன்பது குஞ்சு ஓட்டைத் தொடவே இல்லை. சவ்வு காயவில்லை. நேர்மாறாக, உடைத்ததும் கோழை மாதிரி நீர் வழிந்தது. குஞ்சுகள் ஊறிப்போய் உப்பலாக இருந்தன, கழுத்து வீங்கியிருந்தது. சிலவற்றுக்கு மஞ்சள்கரு பாதி வெளியில். காற்றறை ரொம்பச் சின்னது, ஐந்து ரூபாய்க் காசு அளவுகூட இல்லை.

கால்நடை மாணவி | நவம்பர் 14, மதியம் 1.48

நினைத்தேன். உங்கள் குஞ்சுகள் காய்ந்து சாகவில்லை, நீரில் மூழ்கிச் செத்திருக்கின்றன.

விளக்கமாகச் சொல்கிறேன். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கில் நுண்துளைகள் உண்டு. அடைகாக்கும் நாட்களில் அதன் வழியாக உள்ளே இருக்கும் நீர் மெதுவாக ஆவியாகிப் போகவேண்டும். வைத்த நாளிலிருந்து 18ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 12 முதல் 14 சதவீதம் இழந்தால் சரியான அளவு. போன நீரின் இடத்தில்தான் காற்றறை பெரிதாகும். பொரிக்கும் முன் குஞ்சு முதலில் ஓட்டைக் கொத்துவதில்லை, உள்சவ்வைக் கிழித்து அந்தக் காற்றறைக்குள் அலகை நீட்டி முதல் மூச்சு விடும். வெளி ஓட்டைக் கொத்துவது அதற்கப்புறம்தான். காற்றறை சிறுத்துவிட்டால் மூச்சு விடவும் இடமில்லை, திரும்பி ஓட்டை வட்டமாக அறுக்கவும் இடமில்லை.

மூடியைத் திறந்தது தப்புதான், ஆனால் கொலையாளி அது இல்லை. முதல் 18 நாளும் ஈரம் அதிகமாக இருந்திருக்கிறது.

உப்பாறு | நவம்பர் 14, மதியம் 2.05

ஆனால் மீட்டரில் 55க்கு மேல் போகவே இல்லையே அம்மா. தினமும் எழுதி வைத்திருக்கிறேன்.

சால்டரிங் | நவம்பர் 14, மாலை 6.12

சரி, தோற்றேன். இப்போது மீட்டரைச் சந்தேகப்படுவோம்.

ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு நிரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் மாதிரி ஆக்குங்கள். கரைந்து ஓடக்கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி, இரவு முழுக்க வீட்டுக்குள் வையுங்கள். உப்பு தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் மீட்டர் 75 காட்டவேண்டும். ஈர உப்புக்கு மேலே இருக்கும் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நின்றுவிடும், நம் ஊர் வெயிலுக்கும் குளிருக்கும் அது பெரிதாக மாறாது. காசு செலவில்லாத சோதனை.

வெப்பத்துக்கும் ஒன்று: டம்ளரில் 38 டிகிரி பக்கம் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் கன்ட்ரோலர் சென்சாரையும் சேர்த்து நுழைத்து ஒப்பிடுங்கள்.

தோட்டத்துக்காரன் | நவம்பர் 14, இரவு 8.50

இழை ஓடும்போதே கேட்டுவிடுகிறேன். சோளக்காட்டில் மயில் முட்டை நான்கு கிடக்கிறது. கோழிக்கு வைத்தால் பொரிக்குமா? எத்தனை நாள்?

கிணத்தடி | நவம்பர் 14, இரவு 9.01

தொடாதீங்க. மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை. முட்டையை எடுத்தாலே வழக்கு. அந்த இடத்தைச் சுற்றி குஞ்சு பொரிக்கும் வரை உழாமல் விட்டுவிடுங்கள், தாய் பார்த்துக்கொள்ளும். எங்கள் கோபி பக்கமும் தக்காளியை எல்லாம் மயில் கொத்துகிறது. எரிச்சல் எனக்கும் உண்டு, அதற்காக இது வேண்டாம்.

வாத்து முட்டை என்றால் தாராளமாகக் கோழிக்கு வைக்கலாம், 28 நாள். குஞ்சு தண்ணீரில் இறங்கியதும் கரையில் நின்று அந்தக் கோழி கத்தும் பாருங்கள், பாவமாக இருக்கும்.

உப்பாறு | நவம்பர் 15, காலை 6.20

வெப்பம் சரி. காய்ச்சல் மானி 37.6, கன்ட்ரோலர் 37.4.

ஈரப்பத மீட்டர்... 62. ஒன்பது மணி நேரம் வைத்தேன், 62ஐத் தாண்டவில்லை.

சால்டரிங் | நவம்பர் 15, காலை 6.55

பிடிபட்டது! 13 குறைத்துக் காட்டுகிறது. அப்படியென்றால் நீங்கள் 55 என்று நினைத்தது ஏறக்குறைய 68. கடைசி மூன்று நாள் 70 என்றது 83. குஞ்சுகளை நீராவியில் வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று, இது வீடியோ போடுகிறவர்கள் சொல்லாதது. நானும் கோயம்புத்தூர்தான், அதனால் எனக்கே இது உறைக்கவில்லை. உங்கள் ஊரில் ஐப்பசி மழையில் வெளிக்காற்று 26 டிகிரி, ஈரப்பதம் 85 என்று வையுங்கள். அந்தக் காற்றை 37.6க்குச் சூடாக்கினால் அது 85 ஆகவே இருக்காது. சூடான காற்று அதிக ஈரம் தாங்கும், அதனால் அதே நீர் இப்போது 44 சதவீதமாகத்தான் தெரியும். நாட்டுக்கோழி முட்டைக்கு அது பக்காவான அளவு. ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கவேண்டாம்! எங்கள் ஊரில் மார்ச் மதியம் 33 டிகிரி, ஈரப்பதம் 35 என்றால் உள்ளே 27க்கு இறங்கிவிடும், கிண்ணம் இல்லாமல் முடியாது. அந்த வீடியோ அவர் ஊருக்குச் சரி, உங்கள் ஊருக்கு விஷம்.

பெட்டியில் காற்றோட்டத் துளை எத்தனை?

உப்பாறு | நவம்பர் 15, காலை 7.03

நான்கு போட்டேன். சூடு வெளியே போகிறதே என்று இரண்டை டேப் போட்டு அடைத்துவிட்டேன்.

சால்டரிங் | நவம்பர் 15, காலை 7.04

🤦

சிறுவிடைக்காரர் | நவம்பர் 15, காலை 8.30

முட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. தம்பி, எங்கே சேர்த்தாய், எத்தனை நாள் முட்டை, கழுவினாயா?

உப்பாறு | நவம்பர் 15, காலை 9.12

மூன்று வீட்டில் வாங்கினேன் ஐயா. சிலது பன்னிரண்டு நாள் ஆகியிருக்கலாம். அழுக்காக இருந்ததை ஈரத்துணியால் துடைத்தேன்.

சிறுவிடைக்காரர் | நவம்பர் 15, காலை 10.40

அப்போ அந்த ரத்த வளையம் இரண்டும் உன் கணக்கில்தான் எழுதவேண்டும். முட்டையின்மேல் இயற்கையாக ஒரு பூச்சு இருக்கும், கிருமி நுழையாமல் காப்பது அதுதான். ஈரத்துணி போட்டால் அது போயிற்று. அழுக்கு முட்டையை அடைக்கு எடுக்கவே கூடாது. ரொம்ப வேண்டுமானால் காய்ந்த துணியால் லேசாகத் தட்டிவிடு.

ஏழு நாளுக்குள் இட்ட முட்டையாக எடு. பத்து நாள் தாண்டினால் பொரிப்பு விழும். எங்கள் வீட்டில் மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, அதன்மேல் துணி போட்டு, கூர் முனை கீழே இருக்கும்படி அடுக்கி வைப்போம். ஃபிரிட்ஜ் வேண்டாம். ரொம்பப் பெரியது, ரொம்பச் சின்னது, கோணல், ஓடு மெல்லியது எல்லாம் குழம்புக்கு.

ஒரு பந்தயம் வைக்கிறேன். அடுத்த தடவை உன் பெட்டியில் வைக்கிற அதே நாளில், அதே முட்டையில் கொஞ்சம் ஒரு அடைக்கோழிக்கும் வை. பார்த்துவிடுவோம்.

உப்பாறு | நவம்பர் 15, காலை 10.58

ஐயா, அம்மாவின் கோழி ஒன்று நான்கு நாளாகக் கூட்டில் உட்கார்ந்துகொண்டு கையைக் கொண்டுபோனால் சிலிர்க்கிறது. பந்தயம் சரி. முட்டை சேர ஒரு வாரம் ஆகும், அதுவரை அதற்கு இரண்டு கூமுட்டையை வைத்து உட்கார வைத்திருக்கிறேன்.

பனங்காய் | நவம்பர் 15, இரவு 9.33

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நல்ல சுவாரசியமாக இருக்கிறது இந்த இழை. எங்கட பக்கம் அம்மம்மா பேட்டுக்கோழியை அடை வைக்கிறது பனையோலைக் கடகத்துக்குள். அடியில் சாம்பல், மேலே வைக்கோல், ஓரத்தில் கொஞ்சம் வேப்பம் இலை. பேன் வராது. இடி முழங்கினால் முட்டை பழுதாகிப்போகும் என்று ஒரு இரும்புத் துண்டும் கரியும் செத்தல் மிளகாயும் வைப்பா. உங்கட ஊரிலும் உண்டோ?

கிணத்தடி | நவம்பர் 15, இரவு 9.50

அச்சு அசலாக இதேதான். எங்கள் ஆத்தா பழைய அரிவாள்மனையின் உடைந்த துண்டைப் போடும். இங்கே நாங்கள் அவயம் வைக்கிறது என்போம். இரும்பு இல்லாமலும் வைத்துப் பார்த்திருக்கிறேன், இடி இடித்த நாளிலும் பொரித்தது. எனக்குத் தோன்றுவது, இடி மழையில் கூரை ஒழுகி, கோழி நனைந்து எழுந்துபோய், முட்டை ஆறியிருக்கும். பழி இடிமேல். ஆனாலும் இரும்பை நான் எடுக்கவில்லை. ஆத்தா பார்த்துக்கொண்டே இருக்கும் :)

வேப்பம் இலை விஷயம் உண்மை. பேன் ஏறிவிட்டால் கோழி அடையை விட்டு எழுந்துவிடும்.

உப்பாறு | நவம்பர் 23, இரவு 8.15

இரண்டாம் ரவுண்டு தொடங்கியாயிற்று. பெட்டியில் 20, அம்மாவின் கோழிக்கு 9. எல்லாம் ஆறு நாளுக்குள் இட்டது, எதையும் துடைக்கவில்லை. துளை நான்கும் திறந்தாயிற்று. தண்ணீர்க் கிண்ணம் இல்லை. மீட்டர் 32, அதாவது உண்மையில் 45.

பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். தினம் ஐந்து தடவை திருப்பப் போகிறேன். ஒற்றைப்படையில் திருப்பச் சொல்கிறார்களே, அது ஏன் என்று மட்டும் புரியவில்லை.

கால்நடை மாணவி | நவம்பர் 23, இரவு 8.44

இரவில்தான் முட்டை நீண்ட நேரம் ஒரே பக்கம் கிடக்கும். ஒற்றைப்படை என்றால் இன்று இரவு பெருக்கல் மேலே, நாளை இரவு வட்டம் மேலே என்று மாறி வரும். வேறு ரகசியம் இல்லை. திருப்பாமல் விட்டால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த முறை மீட்டரை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். பத்து முட்டையைக் குறித்து வைத்து, ஒன்றாக எடை போட்டு எழுதுங்கள். நாள் கணக்கிலும் ஒன்று: வைத்த நாள் பூஜ்யம். நாளை இந்நேரம்தான் ஒன்று.

உப்பாறு | நவம்பர் 30, இரவு 9.20

ஏழாம் நாள். நகைக்கடை வைத்திருக்கும் நண்பனின் தராசு. பத்து முட்டை வைத்த அன்று 421 கிராம், இன்று 401.

அட்டைப்பெட்டியில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை போட்டு, அதன்மேல் முட்டை, அடியில் செல்போன் டார்ச். இருபதில் இரண்டு மட்டும் வெளிச்சமாக, வெறுமையாக இருந்தன. மீதி பதினெட்டிலும் சிலந்தி மாதிரி ரத்தநாளம், நடுவில் ஒரு கரும்புள்ளி. ஒன்றில் அந்தப் புள்ளி துள்ளியது. விளக்கை அணைத்த அறையில் அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், இந்தத் தடவை பெருமூச்சு இல்லை.

கால்நடை மாணவி | நவம்பர் 30, இரவு 9.41

20 கிராம் என்றால் 4.75 சதவீதம். ஏழு நாளுக்கு 5 வரவேண்டும். நூல் பிடித்த மாதிரிப் போகிறது, எதையும் தொடாதீர்கள்.

உப்பாறு | டிசம்பர் 7, இரவு 9.05

பதினான்காம் நாள், 380 கிராம். ஒரு முட்டையில் வளர்ச்சி நின்று வளையம் விழுந்திருந்தது, எடுத்துவிட்டேன் (எடை போடும் பத்தில் அது இல்லை). 17 இருக்கின்றன.

உப்பாறு | டிசம்பர் 9, இரவு 11.52

அவசரம்! காற்று மழை, பத்தரைக்குக் கரன்ட் போனது. மரம் விழுந்திருக்கிறது, காலைக்குள் வராது என்கிறார்கள். பெட்டி 34க்கு வந்துவிட்டது. இன்வர்ட்டர் இல்லை. என்ன செய்வது?

கிணத்தடி | டிசம்பர் 9, இரவு 11.58

பதறாதீங்க. மூடியை மட்டும் அடிக்கடி திறக்காதீங்க. அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டில் இரண்டு பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி, முட்டை மேல் படாமல் ஓரமாக வையுங்கள். பெட்டியின்மேல் கம்பளி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாட்டிலை மாற்றுங்கள்.

சால்டரிங் | டிசம்பர் 10, நள்ளிரவு 12.06

கம்பளி போட்டாலும் துளை இரண்டாவது திறந்திருக்கட்டும். பதினாறாம் நாள் குஞ்சு மூச்சுக்காற்று நிறையக் கேட்கும், ஃபேனும் நின்றிருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், இந்த வயதில் குஞ்சே சூடு உற்பத்தி செய்யும். 17 முட்டை ஒன்றையொன்று காய்ச்சிக்கொள்ளும். கிட்டக்கிட்ட நகர்த்தி வையுங்கள். சில மணி நேரம் 31, 32 என்று இறங்கினாலும் தாங்கும். ஆறினால் பொரிப்பு தள்ளிப்போகும், அதிகமாகச் சூடேறினால்தான் சாவு.

சிறுவிடைக்காரர் | டிசம்பர் 10, காலை 5.30

கோழிக்குக் கரன்ட் போகாது தம்பி.

உப்பாறு | டிசம்பர் 10, காலை 6.15

இந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தேன் ஐயா :) கரன்ட் மூன்றே முக்காலுக்கு வந்தது. குறைந்தபட்சம் 31.8. ஐந்து தடவை பாட்டில் மாற்றினேன். அம்மாவின் கோழி இந்த அமளியில் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

உப்பாறு | டிசம்பர் 11, இரவு 8.30

பதினெட்டாம் நாள். 367 கிராம். 421-இல் 54 போயிருக்கிறது, 12.8 சதவீதம். 17 முட்டையும் டார்ச்சில் இருட்டாக, மேலே காற்றறை மட்டும் பெரிசாகச் சாய்ந்து தெரிகிறது. திருப்புவதை நிறுத்திவிட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன். மீட்டர் 54, உண்மையில் 67. மூடியில் கண்ணாடித் துண்டு பதித்துவிட்டேன், பார்க்கிறவர்கள் அதன் வழியாகப் பார்க்கட்டும். டேப் ஒட்டிப் பெட்டிக்குச் சீல் வைத்தாயிற்று.

பக்கத்து வீட்டுத் தாத்தா முட்டையை வெந்நீரில் போட்டு ஆடுகிறதா பார் என்கிறார். செய்யலாமா?

கால்நடை மாணவி | டிசம்பர் 11, இரவு 8.52

டார்ச் இல்லாத காலத்து வழி. உயிர் இருந்தால் முட்டை அசையும், உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் நீர் உள்ளே போய்விடும். உங்களிடம் டார்ச் இருக்கிறதே.

உப்பாறு | டிசம்பர் 14, மாலை 5.40

காலை ஐந்து மணிக்கு முதல் கொத்து. பத்து மணிக்கு ஆறு முட்டையில் விரிசல். இப்போது ஒன்பது குஞ்சு வெளியில். ஆனால் ஒன்று மட்டும் காலையிலிருந்து அதே சின்ன ஓட்டையோடு கத்திக்கொண்டே இருக்கிறது, பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. உடைத்துவிடவா?

கிணத்தடி | டிசம்பர் 14, மாலை 5.48

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்க. கொத்தியதிலிருந்து வெளியே வர ஒரு நாள்கூட ஆகும். அந்த நேரத்தில்தான் சவ்வில் இருக்கும் ரத்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும், மஞ்சள்கரு வயிற்றுக்குள் போகும். இப்போது உரித்தால் ரத்தம் கொட்டும், நான் ஒரு தடவை செய்துவிட்டு அழுதிருக்கிறேன். கத்துகிறது என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

வெளியில் வந்தவற்றுக்கும் தீனிக்கு அவசரம் இல்லை. மஞ்சள்கருவை வைத்து இரண்டு நாள் தாங்கும்.

உப்பாறு | டிசம்பர் 16, காலை 7.10

அந்தக் கத்தல் ராஜா நேற்று விடிகாலை மூன்று மணிக்கு வெளியே வந்தான், நான் தொடவில்லை. மொத்தம் 15! இரண்டு பொரிக்கவில்லை.

அம்மாவின் கோழி 9-க்கு 8. சிறுவிடைக்காரர் ஐயா, பந்தயத்தில் நீங்கள்தான்.

ஒரு சிக்கல். ஒரு குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, எழுந்திருக்க முடியாமல் வயிற்றால் நீந்துகிறது.

கால்நடை மாணவி | டிசம்பர் 16, காலை 7.25

கீழே செய்தித்தாள் விரித்தீர்களா? அதுதான், வழுக்கும். சாக்கு அல்லது சொரசொரப்பான துணி போடுங்கள். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை நீளவாக்கில் மெல்லிசாக வெட்டி, இரண்டு காலுக்கும் இடையில் இயல்பாக நிற்கிற அளவு இடைவெளி விட்டு, விலங்கு மாதிரி ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். இன்றைக்கே செய்தால்தான் பலன்.

பல்புக்கு அடியில் முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறையுங்கள். குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு.

சிறுவிடைக்காரர் | டிசம்பர் 16, காலை 9.00

15 நல்ல கணக்கு, தம்பி. பெட்டியைப் பரணில் போடவேண்டாம் :)

இன்னொன்று செய்து பார். இன்று ராத்திரி, நல்ல இருட்டில், உன் பெட்டிக் குஞ்சில் ஐந்தை எடுத்து அம்மாவின் கோழி இறக்கைக்கு அடியில் நழுவவிடு. வெளிச்சம் அடிக்காதே, பேசாதே.

உப்பாறு | டிசம்பர் 18, மாலை 6.25

செய்தேன் ஐயா. கை நடுங்கியது. கோழி ஒரு தடவை 'க்கும்' என்றது, இறக்கையைக் கொஞ்சம் தூக்கி இடம் விட்டது. காலையில் பதின்மூன்று குஞ்சு அதன் பின்னால் கொல்லையில் கிளறிக்கொண்டிருந்தன. எது பெட்டிக் குஞ்சு, எது கோழிக் குஞ்சு என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிளாஸ்திரிக் காரன் நேற்று நின்றான், இன்று ஓடுகிறான். அவனும் மற்ற ஒன்பதும் பல்புக்கடியில்.

கால்நடை மாணவி | டிசம்பர் 18, மாலை 6.50

கோழியோடு போகும் பதின்மூன்றையும் சேர்த்தே பிடித்து, ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. 21ஆம் தேதி வருகிறது, ஞாயிறா என்று பார்த்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் எடுத்து வாருங்கள், கலக்கியதும் உடனே விட்டுவிடவேண்டும்.

உப்பாறு | டிசம்பர் 18, மாலை 6.58

சரிம்மா. ஃபிளாஸ்க் இருக்கிறது. கொல்லையில் பதின்மூன்றையும் பிடிப்பதுதான் எப்படி என்று யோசிக்கிறேன்.

கிணத்தடி | டிசம்பர் 18, இரவு 7.03

ராத்திரிதாங்க. அடைந்த பிறகு, கூடையோடு.